முதல் பச்சோந்தி: கூண்டு முதலில், பிராணி கடைசியில்

கேள்வி: பல வருடமாக மீன் வளர்க்கிறேன். இப்போது ஒரு பச்சோந்தி வளர்க்க ஆசை. ஏமன் வகை வாங்குவதா, பாந்தர் வாங்குவதா? குட்டியாக வாங்கினால் நன்றாகப் பழகுமா? ஜோடியாக விடலாமா? மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது, அதையே பயன்படுத்திக்கொள்ளலாமா?

பதில்:

இரண்டு வகையில் எது பிடித்தாலும் சரிதான். ஆனால் ஆணாக இருக்கட்டும், மூன்று மாதமாவது தாண்டியிருக்கட்டும், வளர்ப்பில் பிறந்ததாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று போதும். கண்ணாடித் தொட்டி வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பச்சோந்தி விஷயத்தில் அவசரப்பட்டவர்கள்தான் ஆறு மாதம் கழித்து "கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

மீன் வளர்த்தவர் என்பதால் உங்களுக்குச் சொல்வது எளிது. புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே மீனை விடமாட்டீர்கள். ஃபில்டரை ஓடவிட்டு, தண்ணீர் பக்குவப்பட்ட பிறகுதான் விடுவீர்கள். பச்சோந்திக்கும் அதுதான் கணக்கு. கூண்டு, விளக்கு, செடி, தண்ணீர் எல்லாவற்றையும் அமைத்து, உள்ளே எதையும் விடாமல் இரண்டு வாரம் ஓடவிடுங்கள். உச்சிக் கிளையில் மதியம் எத்தனை டிகிரி, இரவு எவ்வளவு இறங்குகிறது, ஈரப்பதம் எப்போது ஏறி எப்போது காய்கிறது, தரையில் தண்ணீர் தேங்குகிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். தினமும் குறித்து வையுங்கள். எண்கள் ஒரே சீராக வர ஆரம்பித்த பிறகு பிராணியைத் தேடிப் போங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பார்த்து ரசிக்கிற பிராணி, தூக்கிக் கொஞ்சுகிற பிராணி இல்லை. தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்ற வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் தாடி டிராகன் என்ற பல்லி வகை போன்ற வேறு ஏதாவது ஒன்றைப் பாருங்கள். பச்சோந்தியைப் பொறுத்தவரை, மேலே இருந்து நீளும் கை என்பது தன்னைத் தூக்கிப்போக வரும் பறவை. குட்டியாக வாங்கினால் பழகிவிடும் என்பதும் உண்மையில்லை. சில பச்சோந்திகள் சுபாவத்திலேயே சாந்தமாக இருக்கும், சில கடைசிவரை வாயைப் பிளந்து சீறிக்கொண்டே இருக்கும். ஏமன் வகையில் இரண்டாவது ரகம் கொஞ்சம் அதிகம்.

நிறம் மாறுவதைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும், ஏனென்றால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் முக்கியமான தகவல் பலகை. பின்னால் இருக்கும் சுவரின் நிறத்துக்கு ஏற்ப அது மாறுவதில்லை. தோலில் உள்ள ஒருவகைச் செல்களில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான இடைவெளி கூடும்போதும் குறையும்போதும் அவை திருப்பி அனுப்பும் ஒளியின் நிறம் மாறுகிறது. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாந்தர் பச்சோந்தியை வைத்து இதை விளக்கினார்கள். வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: காலையில் விளக்கைப் பார்த்து ஒரு பக்கத்தை மட்டும் கருப்பாக்கிக்கொண்டு தட்டையாக நின்றால் வெயில் காய்கிறது, கவலையில்லை. நாள் முழுவதும் கருத்துப் போய் ஒடுங்கிக் கிடந்தால் ஏதோ சரியில்லை. இரவில் வெளிறிப்போய்த் தூங்கினால் அது நிம்மதியான தூக்கம்.

இனி வகைக்கு வருவோம். ஏமன் பச்சோந்தி, கடைகளில் வெயில்ட் என்பார்கள், ஏமனிலும் சவுதி அரேபியாவின் தென்மேற்கிலும் இருந்து வந்தது. தலைக்கு மேல் தலைப்பாகை மாதிரி உயர்ந்த முகடு இருக்கும். ஆண் வால் நுனி வரை 45 செ.மீ.க்கு மேல் வளரும், நல்ல பராமரிப்பில் ஆறு முதல் எட்டு வருடம் இருக்கும். சிறு குறைகளைத் தாங்கும் உடம்பு. ஆனால் தாங்குகிறது என்பதாலேயே அதை மோசமாக வைத்திருப்பவர்களும் அதிகம். செடிகளின் இலையையும் தின்னும், எனவே கூண்டில் வைக்கும் செடி நஞ்சில்லாததாக இருக்க வேண்டும்.

பாந்தர் பச்சோந்தி மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களைச் சேர்ந்தது. ஊருக்கு ஊர் நிறம் வேறு. நோசி பே தீவின் ஆண்கள் நீலப்பச்சை, அம்பிலோபே பக்கத்து ஆண்களுக்குப் பச்சை உடம்பில் சிவப்போ நீலமோ பட்டை ஓடும். விலை கூடுதல். குட்டியில் எல்லாமே சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும், முழு நிறம் ஏற ஒரு வருடம் போல ஆகும். ஆகவே விற்பவர் குட்டியைக் காட்டும்போது தகப்பனின் படத்தையும் கேளுங்கள். சுபாவம் பொதுவாக ஏமன் வகையைவிடச் சாந்தம். என்னைக் கேட்டால், பணம் ஒரு பிரச்சினை இல்லையென்றால் பாந்தர் ஆண்தான் முதல் பச்சோந்திக்குச் சரியான தேர்வு.

மூன்று கொம்பு ஜாக்சன் பச்சோந்தியைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அது கென்யா, தான்சானியாவின் மலைப்பகுதிப் பிராணி. இரவில் நன்றாகக் குளிர வேண்டும். இரவு குளிராத வீட்டில் அதை வைப்பது அதற்குத் தண்டனை. இரண்டாவதாக வளர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் ஆண்? பெண் ஏமன் பச்சோந்தி ஆணைப் பார்க்காமலேயே முட்டை வைக்கும். பாந்தர் பெண்ணும் வைப்பதுண்டு. கருவில்லாத முட்டைதான், ஆனாலும் உடம்பிலுள்ள கால்சியத்தையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு வரும். கொழுக்கக் கொழுக்க ஊட்டிய ஏமன் பெண் ஒரு முறைக்கு ஐம்பது அறுபது முட்டைகூட வைக்கும். வைக்க இடம் பிடிக்கவில்லை என்றால் உள்ளேயே தேக்கிக்கொண்டு இறந்துபோகும். பெண்ணை வளர்ப்பதாக இருந்தால் ஓரடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டி எப்போதும் கூண்டுக்குள் இருக்க வேண்டும், தோண்டினால் சுரங்கம் சரியாத பதத்தில். தோண்டும்போது ஆள் பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடும். உணவையும் வெப்பத்தையும் கட்டுக்குள் வைத்தால் முட்டை எண்ணிக்கை குறையும். இதெல்லாம் முடியாத காரியமில்லை, ஆனால் முதல் முறையே வேண்டாம். ஏமன் வகையில் ஆணைக் கண்டுபிடிப்பது சுலபம்: முட்டையிலிருந்து வந்த நாளிலிருந்தே பின்னங்கால் பாதத்தின் பின்புறம் சிறிய குதிமுள் இருக்கும். பெண்ணுக்கு இருக்காது.

ஜோடியாக விடுவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். இவை தனிமை விரும்பிகள். சண்டை போடாமல் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தால் ஒற்றுமை என்று நினைத்துவிடுவோம். உண்மையில் ஒன்று மற்றதைச் சகித்துக்கொண்டு, சாப்பிடாமல், மெல்ல மெல்ல நலிந்துகொண்டிருக்கும். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பமே சில ஆண்களுக்கு ஓயாத தொல்லை.

கண்ணாடித் தொட்டி வேண்டாம் என்றதற்கு அது ஒரு காரணம்தான். பெரிய காரணம் காற்று. மீன் தொட்டிக்கு அடிப்பக்கம் காற்று நுழைய வழியில்லை, உயரமும் போதாது. மேலே விளக்கு, கீழே ஈரம், நடுவில் நகராத காற்று என்றால் நுரையீரல் தொற்றுக்கு அழைப்பு வைத்த மாதிரி. கீழே காற்றுத் துளையும் மேலே வலையும் உள்ள, ஊர்வனவற்றுக்கென்றே செய்த கண்ணாடிக் கூண்டு வேறு விஷயம். குளிரான, வறண்ட இடங்களில் அது நன்றாகவே வேலை செய்யும். மற்றபடி நாலு பக்கமும் வலை வைத்த அலுமினியக் கூண்டு போதும். வளர்ந்த ஆணுக்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம் வேண்டும். அதைத் தரையில் வைக்காமல் மேசை மீது வையுங்கள். உச்சிக் கிளை உங்கள் தலைக்கு மேல் இருக்க வேண்டும். ஆளைக் கீழே பார்க்கிற உயரத்தில் இருந்தால்தான் அதற்குத் தைரியம் வரும்.

உள்ளே நிஜச் செடி. மணி பிளாண்ட், செம்பருத்தி, குடைச்செடி என்று அழைக்கப்படும் ஷெஃப்ளேரா ஆகியவை வழக்கமாக வைப்பவை. பூச்சிமருந்து அடித்த நர்சரிச் செடியை நன்றாகக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் வைத்திருந்து பிறகு உள்ளே கொண்டுபோங்கள். படுக்கைவாட்டிலும் சாய்வாகவும் விரல் தடிமன் முதல் கட்டைவிரல் தடிமன் வரை பல கிளைகள் வேண்டும். முழுதாக ஒளிந்துகொள்ள ஓரிடமாவது இருக்க வேண்டும். நீங்கள் தேடினால்தான் தெரிகிற அளவுக்கு இலை அடர்ந்திருந்தால் அமைப்பு சரி. தரையில் மரத்தூள், தேங்காய்நார் எதுவும் போடாதீர்கள். பூச்சியைப் பிடிக்கும்போது நாக்கோடு ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும்.

விளக்கு இரண்டு. ஒன்று வெப்பத்துக்கு, சாதாரண பல்பே போதும். இன்னொன்று புற ஊதா பி கதிருக்கு, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சுருள் வடிவச் சின்ன பல்பு வாங்காமல், டி5 ஹெச்ஓ என்ற, ஒல்லியான, அதிக ஒளி தரும் வகை நீளக் குழல் விளக்கு, புற ஊதா பி அளவு 5.0 அல்லது 6 சதவீதம் என்று குறித்தது வாங்குங்கள். அமரும் கிளையில் பிராணியின் முதுகுக்கும் விளக்குக்கும் சுமார் 20 முதல் 25 செ.மீ. தூரம். இந்தக் கதிர் படாவிட்டால் தோலில் டி3 வைட்டமின் உருவாகாது, டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் எலும்பில் சேராது. கால் வளையும், தாடை ரப்பர் மாதிரி ஆகும், நாக்கை நீட்ட முடியாமல் போகும். ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேனே என்பார்கள், ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை வடிகட்டிவிடும். குழல் எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் நாளடைவில் குறையும், வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள்.

வெப்பம்: உச்சிக் கிளையில் ஆண்களுக்கு 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், குட்டிகளுக்கு 27 போல. கூண்டின் மற்ற பகுதி 22 முதல் 26. இரவில் எல்லா விளக்கும் அணைய வேண்டும். சிவப்பு, நீல பல்பு எதுவும் தேவையில்லை. இரவு 18 டிகிரி வரை இறங்கினால் அதற்கு நல்லதுதான். அளக்கும்போது தெர்மாமீட்டர் முனையைக் கிளையில் கட்டாமல், பிராணியின் முதுகும் முகடும் இருக்கும் உயரத்தில் பிடித்து அளந்து பாருங்கள். சுடுகிறது என்று உணர்ந்து நகரும் சாமர்த்தியம் இவற்றுக்குக் குறைவு, முகடு வெந்தபடியே உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர்தான் முதல் முறை வளர்ப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம். கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை இவை பொதுவாகத் தண்ணீர் என்றே கண்டுகொள்வதில்லை. இலையில் வழியும் துளியை நக்கித்தான் குடிக்கும். அதைக் கிட்ட இருந்து ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு உங்களுக்கே புரியும். துளி இலை நுனியில் திரண்டு மினுங்கும். முதலில் ஒரு கண் மட்டும் திரும்பும், அடுத்த கண்ணும் வந்து அதே துளியில் நிலைக்கும். மூக்கை இலையில் உரசியபடி மெல்ல வாயைத் திறக்கும். அப்புறம் தாடை மேலும் கீழுமாக அசைபோடுவதுபோல் அசையும், தொண்டை ஏறி இறங்கும், கண்கள் உள்ளே போய் வெளியே வரும். சில துளிகளில் முடியாது, நிமிடக்கணக்கில் நடக்கும். நீங்கள் ஸ்ப்ரேயரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை பீய்ச்சிவிட்டுப் போய்விட்டால் அது வாயைத் திறப்பதற்குள் இலை காய்ந்திருக்கும்.

ஆகவே டைமரில் ஓடும் தெளிப்பான் வாங்குங்கள். காலையில் விளக்கு எரியும் முன் இரண்டு நிமிடம், இரவு விளக்கு அணைந்த பின் இரண்டு நிமிடம். பிற்பகலில் சொட்டுச் சொட்டாக விழும் டிரிப்பர் ஒன்று செடி மீது. பகலில் கூண்டு காய்ந்துவிட வேண்டும், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் போதும். இரவில், குளிர்ந்த பிறகு, 80க்கு மேல் போகலாம். காட்டில் விடியற்காலைப் பனி அப்படித்தான் இருக்கும், தூங்கும்போது சுவாசத்தின் வழியாக உடம்பின் ஈரம் வீணாவது குறையும். இரவில் பனிப்புகை விடும் ஃபாகர் வைப்பவர்கள் இதற்காகத்தான் வைக்கிறார்கள். ஆனால் வெப்பமும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து காற்றோட்டமில்லாமல் நிற்கக் கூடாது. இரவும் சூடாகவே இருக்கும் வீட்டில் ஃபாகரை மறந்துவிடுங்கள். தெளித்த தண்ணீர் எங்கே போகும் என்பதையும் யோசித்து வையுங்கள், அடியில் வடிகால் தட்டு இல்லையென்றால் மூன்றாம் நாளே வாடை வரும்.

தண்ணீர் போதுமா என்று பார்க்க எச்சத்தைப் பாருங்கள். கரும்பழுப்புப் பகுதியோடு ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளைப் பகுதி வரும். வெள்ளையாக இருந்தால் நல்லது, நுனி கொஞ்சம் மஞ்சளானால் பரவாயில்லை, முழுக்க ஆரஞ்சாகிவிட்டால் உடம்பில் நீர் இல்லை.

உணவு உயிருள்ள பூச்சி. சுவர்க்கோழி, டூபியா கரப்பான், பட்டுப்புழு, கருப்புச் சிப்பாய் ஈயின் புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பச்சோந்தியின் தலை அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். குட்டிக்குத் தினமும் பத்துப் பன்னிரண்டு சின்னதாக, வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று முதல் ஐந்து. கண்ணைப் பார்த்தால் பசி மாதிரியே இருக்கும், ஏமாறாதீர்கள். அளவுக்கு மீறி ஊட்டுவதால் வரும் கோளாறுகள் பட்டினியால் வருவதைவிட அதிகம். பூச்சிக்கு முந்தைய நாளே கீரையும் கேரட்டும் கொடுத்து வயிற்றை நிரப்பி வையுங்கள், அதன் வயிற்றில் இருப்பதுதான் உங்கள் பச்சோந்திக்கும் போகிறது. டி3 சேராத கால்சியப் பொடியை ஒவ்வொரு முறையும் லேசாகத் தூவுங்கள். டி3யும் ஏ வைட்டமினும் உள்ள பல்வைட்டமின் பொடி மாதம் இரு முறை போதும். மின்மினிப் பூச்சியை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள், ஒன்றே கொல்லும் அளவுக்கு அதில் நஞ்சு உண்டு. சாப்பிடாமல் மிஞ்சிய சுவர்க்கோழியை இரவுக்கு முன் எடுத்துவிடுங்கள், தூங்கும் பச்சோந்தியைக் கடித்துப் புண்ணாக்கும். அப்புறம், பூச்சிகளையும் வீட்டில் வளர்க்கத்தான் வேண்டியிருக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் பச்சோந்திக்கு அனுமதி வாங்குவதைவிட அறுநூறு கரப்பானுக்கு அனுமதி வாங்குவதுதான் கஷ்டம். முதலில் அதைப் பேசி முடியுங்கள்.

கூண்டு இரண்டு வாரம் ஓடிவிட்டதா? இப்போது வாங்கப் போகலாம். வளர்க்கக் கிடைக்கும் பச்சோந்திகள் எல்லாமே, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வகைகள். உங்கள் நாட்டில் வளர்க்க அனுமதி உண்டா, என்ன ஆவணம் வேண்டும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காட்டிலோ தோட்டத்திலோ கண்ணில் பட்டதைப் பிடித்து வருவது கூடவே கூடாது. பிடித்து வந்து விற்கப்படுபவையும் அப்படித்தான்: வயிறு நிறையப் புழு, உடம்பில் நீர் இல்லை, மனிதரைக் கண்டாலே நடுக்கம். பெரிதாக, மலிவாக, பழைய தழும்புகளோடு ஒன்றைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். பொரிந்த தேதி என்ன என்று கேளுங்கள். வளர்ப்பாளர் என்றால் உடனே சொல்வார்.

பகல் வெளிச்சத்தில் இரு கண்ணும் உருண்டு, துருத்தி, ஓயாமல் அலைய வேண்டும். குழிந்த கண், பகலில் மூடிய கண் இருந்தால் வாங்காதீர்கள். கால் எலும்புகள் நேராக இருக்கின்றனவா, நடக்கும்போது வயிறு கிளையில் உரசாமல் தூக்கி நடக்கிறதா பாருங்கள். ஒரு குச்சியைப் பிடிக்கவிட்டு மெல்ல அசைத்தால் பிடி இறுக வேண்டும். கடைசியாக, உங்கள் கண்ணெதிரே ஒரு பூச்சி கொடுக்கச் சொல்லுங்கள். நாக்கு பாய்ந்து போய் ஒட்டி, நேராகத் திரும்ப வேண்டும். "இப்போதுதான் சாப்பிட்டது" என்றால் நாளை வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒன்றரை மாதக் குட்டியை விலை குறைத்துத் தருவார்கள், அந்த வயதில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலே தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கூண்டுக்குள் வைத்துத் திறந்துவிடுங்கள், தானாக ஏறும். முதல் வாரம் தூக்காதீர்கள், விருந்தாளிகளுக்குக் காட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் பதற வேண்டாம், தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் தூரத்திலிருந்து பாருங்கள். அதன்பின் ஒரு பட்டுப்புழுவைக் கையில் நீட்டி, கீழிருந்து, அசையாமல் நில்லுங்கள். வந்தால் வரட்டும். தொட்ட பின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது கட்டாயம், ஊர்வனவற்றில் சால்மோனெல்லா என்ற, வயிற்றுக் கோளாறு தரும் பாக்டீரியா சகஜம்.

ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரை வாங்குவதற்கு முன்பே தேடி வையுங்கள். முதல் மாதத்திலேயே எச்சத்தைக் கொண்டுபோய்ப் புழு இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். பகலில் கண் மூடுவது, தரையிலேயே கிடப்பது, கால் நடுங்குவது எல்லாம் அன்றே போக வேண்டிய விஷயங்கள். வாயைப் பிளந்து நிற்பதில் மட்டும் குழப்பம் வரும். விளக்குக்கு அடியில் பிளந்தால் சூடு அதிகம், விளக்கை உயர்த்தினால் சரியாகும். விளக்கு அணைந்த பிறகும் தலையை மேலே தூக்கி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் அது நுரையீரல்.

ஊருக்குப் போவதாக இருந்தால், வளர்ந்த பச்சோந்தி இரண்டு மூன்று நாள் உணவில்லாமல் இருந்துகொள்ளும், தண்ணீரில்லாமல் இருக்காது. தெளிப்பானின் தொட்டியை நிரப்ப ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, தினமும் எச்சத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார், ஆனால் அனுப்புவார்.